முற்றத்தில் நின்றால் தவில் ஒன்றாகக் கேட்கவேண்டும்

திருவல்லிக்கேணியில் நான் வேலை பார்க்கும் டிடிபி ஆபீஸ் ஒரு பழைய காலத்து வீட்டில் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரை, செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனமான சுவர்கள், நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி அறைகள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ் என்று டிசைன் செய்து கொடுப்பதுதான் தொழில். முன்னறையில் கஸ்டமர் உட்கார்ந்து மாதிரிகளைப் புரட்டுவார். உள்ளே டிசைன் அறைகள் இரண்டு, புரூஃப் பார்க்கும் அக்காவுக்கு ஓர் அறை, பின்கட்டில் பைண்டிங், மாடிப்படிக்குக் கீழே கணக்கு. மொத்தம் ஆறு சிஸ்டம். ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கர் உண்டு.

தை பிறந்தால் முகூர்த்த சீசன். ராத்திரி வெகுநேரம் வேலை ஓடும், பாட்டு இல்லாமல் ஓடாது. ஆனால் ஓர் அறையில் மெலடி, பக்கத்து அறையில் குத்துப்பாட்டு, பின்கட்டில் பக்திப் பாடல் என்று எல்லாம் முற்றத்தில் வந்து மோதினால் புரூஃப் பார்ப்பவருக்கு எழுத்தில் கண் நிற்காது. மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால் ஆயிரம் பத்திரிகை வீண். அதனால்தான் முதலாளி கேட்டார்: “எல்லா ரூமுக்கும் ஒரே பாட்டு போட முடியுமா தம்பி? ஆனா ரெண்டு ரெண்டா கேக்கக் கூடாது.” சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்வது நான் என்பதால் வேலை என்னிடம் வந்தது.

அவர் சொன்னதில் முதல் பாதி சுலபம். ஒரே பாட்டை ஆறு இடத்துக்கு அனுப்ப எத்தனையோ மென்பொருள் இருக்கிறது. இரண்டாவது பாதியில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் ஏசி ஆபீஸ் என்றால் அறைக்கு அறை ஒரு விநாடி முன்பின் ஓடினாலும் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லாக் கதவுகளும் முற்றத்தைப் பார்த்துத் திறந்தே கிடக்கின்றன. முற்றத்தைத் தாண்டாமல் யாரும் எங்கேயும் போகமுடியாது. அங்கே நிற்பவர் காதில் ஆறு அறைச் சத்தமும் ஒன்றாக விழும்.

காது எவ்வளவு பொறுக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஒரே சத்தம் இரண்டு இடங்களிலிருந்து சற்று முன்பின்னாக வந்தால், இடைவெளி ஏறத்தாழ 30 மில்லி விநாடிக்குள் இருக்கும்வரை பேச்சும் நீளமான இசையும் நமக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கும். முதலில் வந்த திசையிலிருந்து வருவதாகத் தோன்றும், அவ்வளவே. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் தன் ஆய்வேட்டில் இதை விரிவாகச் சோதித்தார். ஒலிபெருக்கிக்காரர்கள் இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பொறுமை எல்லாச் சத்தத்துக்கும் கிடையாது. தவில் அடி, கைத்தட்டல், ஜால்ரா போலச் சட்டென்று வெட்டி விழும் சத்தங்களில் அதைவிடச் சின்ன இடைவெளியே இரட்டையாகத் தெரிந்துவிடும். இன்னும் குறைந்து ஓரிரு மில்லி விநாடி என்றால் இரட்டையாகக் கேட்காது, ஆனால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் உள்ளொடுங்கிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சென்னை வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 35 சென்டிமீட்டர். முற்றத்தின் ஒரு ஓரத்தில் நிற்பவருக்கு எதிர் அறை ஸ்பீக்கர் ஏழு மீட்டர் தள்ளி இருந்தால், கம்ப்யூட்டர்கள் துல்லியமாக ஒத்துப் பாடினாலும் அந்தச் சத்தம் 20 மில்லி விநாடி பிந்தித்தான் வரும். காது தருகிற சலுகையில் பெரும்பகுதியைக் காற்றே எடுத்துக்கொள்கிறது. மீதமிருப்பது கொஞ்சம்தான் என்பதால் கம்ப்யூட்டர்களுக்கு இடையில் அனுமதிக்கக்கூடிய வித்தியாசம் சில மில்லி விநாடிதான் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எளிய வழிகளிலிருந்து ஆரம்பித்தோம். ஆறு சிஸ்டத்திலும் ஒரே பாட்டுக் கோப்பைப் போட்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று ஒரே நேரத்தில் ப்ளே அழுத்துவது முதல் சோதனை. கை வித்தியாசத்தை விடுங்கள், மென்பொருள் வைத்துச் சரியாகத் தொடக்கினாலும் இது நிற்காது. ஒவ்வொரு சவுண்ட் கார்டிலும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்பதை அளந்து வெளியே விடுவது அதுதான். எந்தக் கிரிஸ்டலும் அச்சு அசலாக 48,000 விடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம், வெப்பநிலை மாறினால் அதுவும் மாறும். 50 பங்கு என்பது கேட்க அற்பமாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி, ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி. ஒன்று கூட, ஒன்று குறைய என்று இரண்டு சிஸ்டம் எதிரெதிராக விலகினால் அது இரட்டிப்பாகும். ஒன்றாகத் தொடங்கிய பாட்டு சரணத்துக்கு வருவதற்குள் பிரிய ஆரம்பித்துவிடும்.

பைண்டிங்கில் இருக்கும் பெரியவருக்குக் கூர்மையான காது. தெரிந்த நாதஸ்வரக் குழு ஒன்றின் அனுமதியோடு நாங்களே பதிவு செய்து வைத்திருந்த தனித்தவில்தான் எங்கள் சோதனைப் பாட்டு. அதை ஓடவிட்டதும் பெரியவர் முற்றத்தில் தூணோரமாக வந்து நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். கொஞ்ச நேரத்தில் விரலைத் தூக்குவார். “தம்பி, இப்ப அடி ரெண்டா விழ ஆரம்பிக்குது. பின்ரூமு பிந்துது.” கருவி வைத்துப் பார்த்தால் அவர் சொன்ன அறைதான் பிந்தியிருக்கும். இதுமாதிரி ஒருவர் உங்கள் இடத்திலும் இருப்பார், அவரை முதல் நாளே கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு வயலினோ வாய்ப்பாட்டோ போடாதீர்கள், வித்தியாசத்தை மூடிவிடும். தாளம் தட்டிச் சொல்லும் வாத்தியம்தான் உண்மையைக் காட்டும்.

அடுத்தது வானொலி முறை. இணைய வானொலி நடத்த உதவும் ஐஸ்காஸ்ட் என்ற சர்வர் மென்பொருளை ஒரு சிஸ்டத்தில் வைத்து, மற்ற சிஸ்டங்களில் விஎல்சி என்ற பாட்டு ஓட்டியைப் போட்டுக் கேட்பது. பாட்டு எல்லா இடத்திலும் நன்றாகவே வரும், ஆனால் ஒன்றுக்கொன்று விநாடிக் கணக்கில் தள்ளி ஓடும். காரணம் அந்த மென்பொருளின் குறை அல்ல. பாட்டு உடனே கேட்கத் தொடங்கவேண்டும் என்பதற்காக, இணைபவருக்கு ஐஸ்காஸ்ட் ஏற்கெனவே போன 64 கிலோபைட்டை மொத்தமாக முதலில் தள்ளிவிடும். 128 கிலோபிட் தரத்தில் அது நான்கு விநாடிப் பாட்டு. கேட்கும் மென்பொருள் அதில் எவ்வளவு சேர்ந்ததும் பாட ஆரம்பிப்பது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும். நடுவில் ஒருமுறை தடங்கினால் மறுபடி சேர்த்துக்கொண்டு இன்னும் பிந்தும். யாரும் யாரையும் பார்த்துப் பாடுவதில்லை. ஊருக்குப் பாடும் வானொலிக்கு அது போதும், ஒரே கூரையின் கீழ் போதாது.

மல்டிகாஸ்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் இதைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள். ஆறு பேருக்கு ஆறு பிரதி அனுப்பாமல் ஒரே பிரதியை நெட்வொர்க்கில் விட்டால் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது இதன் யோசனை. லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோவில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. கேபிளில் அழகாக வேலை செய்யும். வைஃபை சேர்ந்துகொண்டால்தான் வினை. வைஃபையில் ஒருவருக்கு மட்டும் போகும் தரவுப் பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்று பதில் வாங்கி, வரவில்லை என்றால் மறுபடி அனுப்பப்படும். மல்டிகாஸ்ட் பொட்டலத்துக்கு அந்தப் பதில் கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். அதைவிட முக்கியமானது வேகம். தூரத்தில் இருக்கும் மெதுவான கருவிக்கும் கேட்கவேண்டுமே என்று ரௌட்டர் மல்டிகாஸ்ட்டை மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில்தான் விடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பல ரௌட்டர்களில் அது விநாடிக்கு 1 மெகாபிட். சுருக்காத சிடி தரப் பாட்டுக்கோ 1.4 மெகாபிட் வேண்டும். 1 மெகாபிட் வழியில் 1.4 மெகாபிட்டைத் தள்ளினால் பாட்டு மட்டுமா நிற்கும், அந்த வைஃபையே நின்றுபோகும்.

எங்கள் ஆபீசில் நடந்ததும் இதுதான். வைஃபையில் யாரும் பாட்டைக் கேட்கவில்லை, கேட்ட சிஸ்டங்கள் எல்லாம் கேபிளில் இருந்தவை. ஆனாலும் சாதாரண ஸ்விட்ச் மல்டிகாஸ்ட்டை எல்லாத் துளைகளுக்கும் அனுப்பும், அதில் ஒரு துளையில் ரௌட்டர் செருகியிருந்தது, ரௌட்டர் அதை அப்படியே காற்றில் விட்டது. முன்னறையில் கஸ்டமருக்கு வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பிக்கொண்டிருந்த அக்கா, “நெட்டே போயிடுச்சுப்பா” என்று எழுந்து வந்துவிட்டார். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உள்ள ஸ்விட்ச் வாங்கி, மல்டிகாஸ்ட் யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் போகும்படி அமைத்தால் இதைத் தடுக்கலாம். ஆறு சிஸ்டத்துக்கு அந்தச் செலவும் சிரமமும் தேவையில்லை என்பது என் முடிவு. சுருக்காத பாட்டு ஒன்றுக்கு 1.5 மெகாபிட் என்று வைத்து ஆறு தனித்தனிப் பிரதி அனுப்பினாலும் மொத்தம் 9 மெகாபிட்தான். 100 மெகாபிட் கேபிளுக்கு அது ஒன்றுமே இல்லை. இணைய வேகத்தை ஏற்றினால் சரியாகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். உள்ளூர் நெட்வொர்க்கில் ஓடும் பாட்டு இணையத்தைத் தொடுவதே இல்லை.

கடைசியில் ஸ்னாப்காஸ்ட்டுக்கு வந்தோம். இது இலவசத் திறமூல மென்பொருள். இது வேலை செய்யும் விதத்தைப் பத்திரிகை அடிக்கும் ஆபீசில் விளக்குவது சுலபமாக இருந்தது. பத்திரிகை ஒரு வீட்டுக்கு இன்று போய்ச் சேரும், இன்னொரு வீட்டுக்கு நாலு நாள் கழித்துப் போய்ச் சேரும். ஆனால் எல்லாப் பத்திரிகையிலும் முகூர்த்தம் ஒரே நேரம்தான் அச்சாகியிருக்கும், எல்லோரும் அந்த நேரத்துக்கு மண்டபத்தில் இருப்பார்கள். ஸ்னாப்காஸ்ட் சர்வர் பாட்டைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நேர முத்திரை குத்தி அனுப்புகிறது. துண்டு முன்னே பின்னே வரலாம். வாங்கும் சிஸ்டம் அதை வைத்திருந்து, குறித்த நேரம் வந்ததும் ஒலிக்கவிடுகிறது. இந்தக் காத்திருப்புக்கான அவகாசம், அதாவது பஃபர், வழக்கமாக ஒரு விநாடி.

இதற்கு எல்லார் கடிகாரமும் ஒரே நேரம் காட்டவேண்டும் அல்லவா? ஒவ்வொரு கிளையண்டும், அதாவது பாட்டை வாங்கும் சிஸ்டமும், சர்வரிடம் ‘உன் மணி என்ன’ என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தைக் கழித்து, சர்வர் கடிகாரத்துக்கும் தன்னுடையதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். அதனால் சிஸ்டத்தின் மூலையில் தெரியும் மணி தவறாக இருந்தாலும் பாட்டுக்குப் பாதகமில்லை. கிரிஸ்டல் விலகலுக்கும் இதிலேயே மருந்து இருக்கிறது. தான் பிந்துகிறோம் என்று தெரிந்தால் கிளையண்ட் எப்போதாவது ஒரு சாம்பிளை விட்டுவிடும், முந்துகிறோம் என்றால் ஒன்றை இரண்டுமுறை ஒலிக்கும். 48,000இல் ஒரு சாம்பிள் என்பது 0.02 மில்லி விநாடி, எந்தக் காதுக்கும் எட்டாது. இப்படித் தட்டித் தட்டி ஓட்டுவதால் சிஸ்டங்களுக்கு இடையே வித்தியாசம் வழக்கமாக 0.2 மில்லி விநாடிக்குள் நிற்கும் என்று அதன் குறிப்பேடு சொல்கிறது. காற்றில் அது ஏழு சென்டிமீட்டர். நாற்காலியில் லேசாகச் சாய்ந்தாலே அவ்வளவு மாறிவிடும்.

நிறுவுவதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஓரம் கட்டி வைத்திருந்த பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே ஸ்னாப்காஸ்ட் சர்வரையும் எம்பிடி என்ற பாட்டு ஓட்டியையும் போட்டேன். எம்பிடியின் வெளியீட்டை சவுண்ட் கார்டுக்குப் பதிலாக ஒரு பைப் கோப்புக்குத் திருப்பவேண்டும், ஸ்னாப்காஸ்ட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே வடிவம், 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் 44,100 என்று இருந்தால் பாட்டின் சுருதியே மாறிவிடும். சர்வருக்கு ரௌட்டரில் நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். ஃபயர்வால் இருந்தால் 1704, 1705, 1780 ஆகிய போர்ட்களைத் திறந்துவிடுங்கள்: முதலாவது பாட்டுக்கு, இரண்டாவது கட்டுப்பாட்டுக்கு, மூன்றாவது பிரவுசர் வழியாகப் பார்ப்பதற்கு.

லினக்ஸ் சிஸ்டங்களில் கிளையண்டைப் போட்டதும் சர்வரைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. டிசைன் அறைகளில் கோரல்டிரா, ஃபோட்டோஷாப் என்று விண்டோஸ்தான். அங்கே பிரவுசரிலேயே சர்வர் முகவரியைத் திறந்து ப்ளே அழுத்தினால் போதும், பாட்டு ஒத்தே வரும். ஆனால் பெரிய ஃபைல் ஒன்றைத் திறக்கும்போது சிஸ்டம் மூச்சுத்திணறும், பாட்டும் ஒரு நொடி தடங்கித் திரும்பிச் சேரும். இது கேட்பவரைவிட வேலை செய்பவரை எரிச்சலூட்டும். அதனால் அந்த இரண்டு அறைகளுக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கி, ஸ்பீக்கரை அதில் செருகிவிட்டேன். அதற்குப் பாட்டைத் தவிர வேறு வேலை கிடையாது. வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பை 4இல் ஸ்பீக்கர் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு, பை 5இல் இல்லை. புதியது என்று பை 5 வாங்கினால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றும் சேர்த்து வாங்கவேண்டி வரும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் கேபிளும் வாங்கிவிடுங்கள் என்பேன். எங்கள் சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தேய்ந்துவிடுகிறது. 2.4 தாண்டும், ஆனால் திருவல்லிக்கேணிச் சந்துகளில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால், ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்ற மூன்று சேனல்களிலும் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் நிறைந்திருக்கின்றன. சராசரி வேகம் நன்றாகத்தான் காட்டும். ஆனால் நடுநடுவே ஒரு பொட்டலம் அரை விநாடி தாமதிக்கும், மணி கேட்டுப் பதில் வாங்குவதும் தடுமாறும். முற்றத்தின் இறவாரத்தை ஒட்டிக் கேட்6 கேபிளை ஓட்டி, எட்டுத் துளை கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வைத்தோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் கேபிளைக் கரண்ட் வயர் போகும் பட்டிக்குள்ளேயே விடப் பார்த்தார். “அண்ணே, ரெண்டையும் ஒண்ணா விடாதீங்க, தனி பட்டி அடிச்சிடலாம்” என்று சொல்லித் தள்ளி அடித்துக்கொண்டோம். கடற்கரை பக்கம் என்பதால் உப்புக்காற்றில் செருகிகளின் பித்தளை சீக்கிரம் கறுக்கும். ஸ்பீக்கர் கரகரத்தால் மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் செருகியைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள்.

எல்லாம் கேபிளுக்கு வந்த பிறகும் பெரியவர் திருப்திப்படவில்லை. “கணக்கு ரூமு மட்டும் இன்னும் ஒட்டல தம்பி.” இங்கேதான் ஒரு விஷயம் விளங்கிற்று. ஸ்னாப்காஸ்ட் சிஸ்டம்வரைதான் பொறுப்பு. சிஸ்டத்தை விட்டு வெளியேறிய சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் இன்னொரு தாமதம் இருந்தால் அது அதற்குத் தெரியாது. கணக்கு அறையில் தனி ஸ்பீக்கர் கிடையாது, எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரில் இருக்கும் ஸ்பீக்கரில்தான் பாட்டு. அந்த மானிட்டர் சத்தத்தை வாங்கி, தனக்குள் ஏதோ செய்துவிட்டுத்தான் வெளியே விட்டது.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை மட்டும் ‘டக்’ என்று அடிக்கும் ஒலிக்கோப்பு ஒன்றைச் சர்வரில் ஓடவிடுங்கள். சரியாக இருக்கும் ஸ்பீக்கர் ஒன்றையும் சந்தேகப்படும் ஸ்பீக்கரையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணையுங்கள். இரண்டுக்கும் சரிபாதித் தூரத்தில் செல்போனை வைத்து ரெக்கார்டு செய்யுங்கள். தூரத்தை டேப் வைத்தே அளந்துகொள்ளுங்கள், 35 சென்டிமீட்டர் பிசகினால் ஒரு மில்லி விநாடி தவறு. பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால், ஒவ்வொரு ‘டக்’கும் அலைவரைபடத்தில் இரண்டு கொம்புகளாக நிற்கும். இரண்டு கொம்புக்கும் நடுவில் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் கீழே மில்லி விநாடி தெரியும். அந்த எண்ணை ஸ்னாப்காஸ்ட்டில் அந்தக் கிளையண்டுக்கு லேட்டன்சி என்ற இடத்தில் எழுதினால், அது அவ்வளவு முன்னதாகவே ஒலியை வெளியே தள்ளும். மறுபடி பதிவு செய்யும்போது இரண்டு கொம்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே கொம்பாக நின்றால் வேலை முடிந்தது. எங்கள் மானிட்டரின் இரண்டாவது கொம்பு முதல் கொம்பை விட்டு விரற்கடை தூரம் தள்ளி நின்றதை அக்காவும் வந்து பார்த்தார். எண்ணைப் போட்டதும் தவிலை ஓடவிட்டோம். பெரியவர் தூணோரம் நின்றார், கேட்டார், ஒன்றும் சொல்லாமல் பின்கட்டுக்குத் திரும்பித் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

ப்ளூடூத் ஸ்பீக்கரை இந்த வேலைக்குச் சேர்க்கவேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதன் தாமதம் நூறு, இருநூறு மில்லி விநாடி என்று போகும். நிலையாக இருந்தாலாவது எண் போட்டுச் சரிசெய்யலாம், இணைப்பு அறுந்து சேரும்போதெல்லாம் மாறிவிடும் என்பதால் அளந்ததும் வீண்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு முன்னறை ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று அடித்தொண்டையில் ஓர் இரைச்சல் மிஞ்சியது. பழைய வீட்டின் பிளக்குகளில் எல்லாவற்றுக்கும் எர்த் ஒழுங்காக இல்லை. சிஸ்டம் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் வேறு பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் ஆடியோ வயர் வழியாக ஓடி 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. சிலர் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை விட்டுவிட்டுச் செருகச் சொல்வார்கள். இரைச்சல் நிற்கும், ஆள் உயிருக்கு ஆபத்து. எர்த்தைச் சரிசெய்யுங்கள், எடுக்காதீர்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும். சர்வரும் ஸ்விட்சும் ரௌட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். மற்ற சிஸ்டங்கள் அணைந்து எழுந்தாலும், கிளையண்ட் தானே தொடங்கும்படி சர்வீஸாக அமைத்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் நடுவில் வந்து தானே இணைந்துகொள்ளும். யாரும் போய் எதையும் அழுத்தவேண்டியதில்லை.

பஃபரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு விநாடி பஃபர் என்றால் பாஸ் அழுத்தி ஒரு விநாடி கழித்துத்தான் பாட்டு நிற்கும். கஸ்டமர் போன் அடிக்கும்போது அந்த ஒரு விநாடி நீளமாகத் தெரியும். அதற்குப் பாஸ் வேண்டாம், அந்த அறையை மட்டும் மியூட் செய்தால் போதும். ஆண்ட்ராய்டு போனில் ஸ்னாப்காஸ்ட் செயலி போட்டால் அறை வாரியாக வால்யூமைத் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். அக்கா தன் அறையை எப்போதும் கால்வாசியில்தான் வைத்திருப்பார். வீடியோவுக்கு இந்த ஏற்பாடு பயன்படாது, உதடு ஒரு விநாடி முன்னே அசையும். பஃபரைக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் வைஃபையில் ஒரு கிளையண்டாவது இருந்தால் ஒரு விநாடியிலேயே விட்டுவிடுவது நிம்மதி.

உரிமம் பற்றி யாரும் பேசுவதில்லை, பேசவேண்டும். வெளியாட்கள் வந்துபோகும் வியாபார இடத்தில் பாட்டு ஒலிக்கவிடுவது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம். பாடலின் இசைக்கும் வரிகளுக்கும் ஐபிஆர்எஸ், ஒலிப்பதிவுக்குப் பிபிஎல் போன்ற அமைப்புகள் உரிமம் தருகின்றன. மாதச் சந்தா கட்டிக் கேட்கும் செயலிகளும் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் சொல்கின்றன. பாட்டுக் கட்டினவருக்குப் போகவேண்டியது போகட்டும் என்று நினைப்பவர்கள் இதை விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். முன்னறையில் இப்போது நாங்கள் அனுமதி வாங்கிப் பதிவு செய்த நாதஸ்வரம், தவில்தான் ஓடுகிறது.

அதற்கு வசதியாக ஸ்னாப்காஸ்ட்டில் குழுக்கள் என்று ஒன்று உண்டு. ஒரே சர்வரில் இரண்டு பாட்டு ஓடைகளை வைத்து, எந்த அறை எதைக் கேட்கவேண்டும் என்று பிரித்துவிடலாம். முன்னறைக் கதவைச் சாத்திவிட்டால் அங்கே ஓர் ஓடை, உள்ளே ஐந்து அறைக்கும் இன்னோர் ஓடை. ஆயுத பூஜை அன்று எல்லாச் சிஸ்டத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும், ஆறையும் ஒரே குழுவில் சேர்த்துவிடுவோம். போனில் ஒரு தொடுதல்தான். புதிதாக வந்திருக்கும் பையனுக்கு அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மாடியில் ஏழாவது ஸ்பீக்கர் வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறான். கேபிள் இழுக்க எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.